கவிஞர் எழுதாத நாலு வரி

ஜனவரி 7

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போனில் கேட்டால் "அடுப்புல இருக்கு, வச்சிடறேன்" என்கிறாய். அந்த அடுப்பு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது போலும். அதனால் பழையபடி கடிதமே உத்தமம்.

இந்த மாதப் பொட்டலத்தைக் கூரியரில் போட்டிருக்கிறேன். நாலு கவிதைப் புத்தகங்கள். வழக்கம்போல நான் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. பிரித்தால் உள்ளே ஒரு கடிதம் இருக்கும். "ஐயா, தங்கள் அறிமுகப் பகுதியைத் தொடர்ந்து வாசிக்கிறேன்" என்று ஆரம்பிக்கும். அதைப் படித்தால் அந்த ஆளுக்கு முகம் வந்துவிடும். முகம் வந்துவிட்டால் அப்புறம் வேண்டாம் என்று ஒதுக்க முடியாது.

எட்டு வருடம் முடிந்துவிட்டது அக்கா. பத்திரிகையில் மாதம் ஒரு கவிஞரை அறிமுகப்படுத்தி, இதுவரை தொண்ணூற்றாறு பேர். பகல் முழுக்க அச்சகத்தில் பாடப் புத்தகத்துக்குப் பிழை திருத்திவிட்டு வந்து, சாயங்காலம் "தமிழுக்கு ஒரு புது வரவு" என்று எழுத உட்கார்ந்தால் கை வரமாட்டேன் என்கிறது. பத்திரிகை ஆசிரியரிடம் நிறுத்திக்கொள்கிறேன் என்று இரண்டு முறை சொன்னேன். "நீங்க இல்லாட்டி இவங்களையெல்லாம் யாரு சார் ஊருக்குக் காட்டுவாங்க?" என்கிறார். எனக்குக் காட்டுவது நீ என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் என் மானம் கப்பலேறிவிடும்.

நாலில் ஒன்றைத் தேர்ந்தெடு. பிடித்த கவிதை இரண்டைத் தனித்தாளில் எடுத்து எழுதி அனுப்பு, என்ன தோன்றியது என்று நாலு வார்த்தையும் எழுது. மீதியை நான் ஊதிப் பெரிதாக்கிக்கொள்கிறேன். புத்தகங்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம், இங்கே படுக்கவே இடமில்லை. ஆஸ்பத்திரிப் பதிவேட்டு அறையில் உனக்கு வேலை நெருக்கடி இருக்கும், தெரியும். இருந்தாலும் இருபதாம் தேதிக்குள் வந்தால் பிழைத்துக்கொள்வேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

ஜனவரி 18

அன்புள்ள பென்சிலுக்கு,

உனக்கு ஐம்பத்து நாலு வயதாகிவிட்டது, இப்படிக் கூப்பிடக் கூடாதுதான். ஆனால் போன வருடம் நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தால் பெயரை மாற்றும்படி ஒன்றும் நடக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

நாங்கள் சௌக்கியம். அத்தானுக்குப் பசி நன்றாக எடுக்கிறது. இந்தக் கடிதத்தை மூன்று தவணையாக எழுதுகிறேன், அதனால் முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்.

முதல் புத்தகக்காரருக்கு நிலா இல்லாமல் எழுத வராது. எட்டுப் பக்கத்தில் பதினோரு நிலா எண்ணினேன். இரண்டாவது ஆள் எல்லாரிடமும் கோபமாக இருக்கிறார், ஏன் என்று மட்டும் சொல்ல மறந்துவிட்டார். மூன்றாவது ஒரு தையல்காரப் பெண். அவர் நல்ல ஆள். ஒரு கவிதையில், அளவு எடுக்கும்போது ஒருத்தி சொல்கிறாள்: "கொஞ்சம் தளர்வா தைங்கக்கா, அழறதை நிறுத்திட்டேன், இப்பச் சாப்பிடறேன்." அவரை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்.

இந்த மாதத்துக்கு நாலாவது ஆள். லிஃப்ட் பழுது பார்ப்பவராம். படித்துக்கொண்டே போனேன், ஒரு இடத்திலும் அவர் தன்னைக் கவிஞர் என்று காட்டிக்கொள்ளவில்லை. மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது பற்றியே எழுதுகிறார். வெளியே வந்ததும் அவர்கள் திரும்பிப் பார்க்காமல் போவது பற்றியும் எழுதுகிறார். வருத்தப்பட்டு எழுதவில்லை. அது அப்படித்தான் என்று எழுதுகிறார். எனக்கு அது பிடித்தது.

இன்னொன்று. "தவிர்க்க முடியாத குரல்" என்று நீ இதுவரை பதினாலு பேரைச் சொல்லியிருக்கிறாய். நானே அதில் பன்னிரண்டு பேரைத் தவிர்த்துவிட்டேன். இவருக்காவது வேறு வார்த்தை போடு.

கவிதையைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். ஒன்றுதான் எழுத முடிந்தது.

அக்கா

*(தனித்தாள்)*

நின்றுபோன லிஃப்டுக்குள்
யாரோ தட்டுகிறார்கள்.
எந்த மாடி என்று கேட்கிறேன்.
தெரியவில்லை என்கிறார்கள்.
சத்தம் வரும் இடத்தையே
மாடி என்று குறித்துக்கொள்கிறேன்.
யார் நீ என்று கேட்கிறாய்.
காலையில் சொன்ன பதிலையே சொல்கிறேன்.
நல்ல பெயர் என்கிறாய்,
இன்றைக்கும்.

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நான் நலம், சொல்லப்போனால் நலத்துக்கும் மேலே. பத்திரிகை வந்து பத்து நாள்தான் ஆகிறது. ஆசிரியருக்கு இதுவரை நாற்பத்து மூன்று கடிதம். எட்டு வருடத்தில் மொத்தமாகச் சேர்த்தாலும் எனக்கு நாற்பத்து மூன்று வந்திருக்காது, அதிலும் பாதி வசை.

எல்லாருமே கடைசி நாலு வரியைத்தான் சொல்கிறார்கள். ஒரு கல்லூரி ஆசிரியை வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டாராம். எங்கள் அச்சகத்தில் அச்சுக் கோப்பவர், எழுத்தைப் பார்ப்பாரே தவிர எதையும் படிக்காதவர், என் மேசைக்கு வந்து "சார், அந்த 'இன்றைக்கும்' இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் என் பங்குக்கு ஒரு பத்தி ஊதியிருந்தேன், பார்த்திருப்பாய். "இருட்டுப் பெட்டிக்குள் அகப்பட்ட நவீன மனிதன் தன் அடையாளத்தை ஒவ்வொரு நாளும் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. வெளியே நிற்பவரோ மரியாதையோடு அதை மறந்துவிடுகிறார்." எழுதும்போதே கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் வாசகர்களுக்குப் பிடித்துவிட்டது.

ரொம்ப நாளைக்கப்புறம் இந்த வேலைக்கு ஒரு அர்த்தம் இருக்கிற மாதிரி இருக்கிறது அக்கா. ஒரு நல்ல கவிஞனை நாலு பேருக்குக் காட்டியாகிவிட்டது. இதோடு நிறுத்தினால்கூடப் பரவாயில்லை. ஆனால் நிறுத்த மாட்டேன், இன்னும் மூன்று பேர் வந்தால் நூறு.

தையல்காரரின் கவிதைகளை எடுத்து அனுப்பு. அத்தானுக்கு என் வணக்கம். கடைசி நாலு வரியைப் படித்துக் காட்டு, அவருக்குப் பிடிக்கும்.

உன் தம்பி

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

சௌக்கியம். பத்திரிகை வந்தது. படித்தேன்.

தையல்காரரின் கவிதை மூன்றை எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த பொட்டலம் இப்போது வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும்.

அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார்.

அக்கா

மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் நலம்தானே? நான் நலம் என்று எழுத முடியவில்லை.

லிஃப்ட்காரரிடமிருந்து ஆசிரியர் வழியாக ஒரு கடிதம் வந்திருக்கிறது. அப்படியே தருகிறேன்: "ஐயா, என்னை எழுதினதுக்கு நன்றி. ஆனால் கடைசி நாலு வரி நான் எழுதியது இல்லை. என் கவிதை 'குறித்துக்கொள்கிறேன்' என்பதோடு முடிகிறது. போன வாரம் ஒரு கூட்டத்தில் அந்த நாலு வரியைப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். கை தட்டினார்கள். அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போன மாதிரி இருந்தது. யாருடையதோ அவரிடம் கொடுத்துவிடுங்கள்."

கோபித்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். இப்படி எழுதினால் என்ன செய்வது?

ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "புத்தகத்தைக் கொண்டு வாங்க சார், எந்தப் பக்கம்னு பார்ப்போம்" என்றார். வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். புத்தகம் உன்னிடம் இருக்கிறது. தயவு செய்து பார்த்துச் சொல். வேறு கவிதையின் வரிகள் சேர்ந்துவிட்டனவா? தையல்காரருடையதா? கோபக்காரருடையதா? நிலாக்காரருடையதாக இருக்க வழியில்லை.

எட்டு வருடமாக ஒரு வரிகூடத் தப்பாக எடுத்துக் கொடுத்ததில்லை என்ற பெயர் ஒன்றுதான் எனக்கு இருக்கிறது. சொந்தமாக ஒரு கவிதை எழுதத் துப்பில்லாதவன் என்று என்னைச் சொல்வார்கள், அது உண்மை. ஆனால் அடுத்தவன் கவிதையில் கை வைத்தான் என்று யாரும் சொன்னதில்லை. மே இதழுக்குள் விளக்கம் தராவிட்டால் அதையும் சொல்வார்கள். நாலு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. உடனே எழுது.

உன் தம்பி

ஏப்ரல் 17

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

புத்தகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அந்த நாலு வரி என்னுடையது. லிஃப்ட்காரர் சொல்வது சரி. திருத்தம் போட்டுவிடு. என் பெயர் வேண்டாம்.

அக்கா

ஏப்ரல் 22

என் அக்காவுக்கு!

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை. உன் கடிதத்தை அச்சக வாசலில் நின்றே படித்தேன். நீயா? எனக்குத் தெரிந்து பால் கணக்கு, மருந்துச் சீட்டு, எனக்குக் கடிதம் தவிர எதுவும் எழுதாத நீயா? உன்னை வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் கவிஞர்களைத் தேடியிருக்கிறேனே, என்னை எதால் அடிப்பது!

இப்போது நான் சொல்வதைக் கேள். திருத்தம் மட்டும் போட்டால் அது என் தவறாக முடியும். அதையே அறிமுகமாகப் போட்டால்? நடுவில் ஒரு மாதம் விட்டுப்போனதால் ஜூன் இதழில்தான் நூறாவது கவிஞர் வருகிறார். அது நீதான். ஆசிரியரிடம் யாரென்று சொல்லாமல் ஜாடையாகச் சொன்னேன், துள்ளிக் குதிக்கிறார்.

அந்த நாலு வரியைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். லிஃப்ட் இல்லாமல் தனியாகப் படிக்கும்போது இன்னும் நன்றாக இருக்கிறது. அந்த 'நீ' யார் என்று சொல்லாமல் விட்டதில்தான் இருக்கிறது அதன் பலம். காதலனாக இருக்கலாம், கடவுளாக இருக்கலாம், காலமாகக்கூட இருக்கலாம். வாசகன் தன் இஷ்டத்துக்கு ஆளை வைத்துக்கொள்ளலாம். இதைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதப்போகிறேன்.

ஒரு போட்டோ, பத்து வரி வாழ்க்கைக் குறிப்பு, இன்னும் நாலைந்து கவிதை இவை மூன்றும் மே பத்துக்குள் வேண்டும். கட்டாயம் எழுதி வைத்திருப்பாய், மறைக்காதே. பெயர் போடக் கூச்சமாக இருந்தால் புனைபெயர் வைத்துக்கொள்வோம். அத்தானிடம் கேள், அவர் நல்ல பெயராகச் சொல்வார்.

பெருமையில் மிதக்கும்
தம்பி

மே 4

தம்பிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். கோபத்தில் எழுதவில்லை. கோபம் இருந்தது, பத்து நாளில் போய்விட்டது. நிறையப் பேச வேண்டியிருப்பதால் இன்று ஒரே மூச்சில் எழுதப் பார்க்கிறேன்.

அந்த 'நீ' கடவுள் இல்லை. காலமும் இல்லை. உன் அத்தான்.

போன வருடத்துக்கு முந்தின வருடக் கடைசியில் ஒரு நாள் காலையில் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். "ரொம்ப நன்றிங்க" என்றார். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் அந்த மனிதர் எனக்கு நன்றி சொன்னதே கிடையாது. விளையாடுகிறார் என்று நானும் "பரவாயில்லைங்க" என்றேன். அவர் விளையாடவில்லை.

அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் நான் அவ்வப்போது தெரியாமல் போனேன், பிறகு அவ்வப்போது தெரிந்தேன், இப்போது அதுவும் இல்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை "யாருங்க நீங்க?" என்று மரியாதையாகக் கேட்பார். பெயரைச் சொல்வேன். "நல்ல பேரு" என்பார். பெண் பார்க்க வந்த அன்றைக்கும் அதே வார்த்தையைத்தான் சொன்னார். முதல் பத்து நாள் அதைக் கேட்டு அழுதேன். பிறகு அழ நேரமில்லை. ஊராருக்கெல்லாம் வீட்டு வரைபடம் போட்டுக் கொடுத்தவர் தன் வீட்டில் குளியலறை எந்தப் பக்கம் என்று கேட்கிறார். கைபிடித்துக் கூட்டிப் போக வேண்டும். உட்கார வைக்க வேண்டும். சொன்னால்தான் விழுங்குவார்.

பதிவேட்டு அறை வேலையை விட்டுப் பதினாலு மாதம் ஆகிறது. "வேலை நெருக்கடி" என்று நீ மாதாமாதம் எழுதுவாய். நானும் ஆமாம் இல்லை என்று சொல்லாமல் விட்டுவிடுவேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். டாக்டருக்குத் தெரியும், மருந்துக் கடைக்காரருக்குத் தெரியும், அக்கம்பக்கம் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்துகிறார்கள். உனக்கு எழுதுகிற கடிதத்தில் மட்டும்தான் அவர் சௌக்கியமாக இருந்தார். அந்த ஒரு இடத்தையும் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. நீயும் "அத்தானுக்குப் படித்துக் காட்டு" என்று எழுதுவாய். நான் நிஜமாகவே படித்துக் காட்டுவேன். உன் கவிஞர்கள் எல்லாரையும் அவருக்குச் சத்தமாகப் படித்திருக்கிறேன். தையல்காரருக்குச் சிரித்தார். நிலாக்காரருக்குத் தூங்கிவிட்டார், அதற்காகவே அவருக்கு ஒரு விருது கொடுக்கலாம். பொட்டலம் வருகிற நாளுக்காகக் காத்துக்கொண்டிருப்பேன்.

அன்றைக்கு லிஃப்ட்காரர் கவிதையை எடுத்து எழுதிக்கொண்டிருந்தேன். "குறித்துக்கொள்கிறேன்" என்ற இடத்தில் அவர் உள்ளேயிருந்து "யாருங்க அங்க?" என்றார். போய்ப் பெயரைச் சொல்லிவிட்டு, நல்ல பெயர் என்று கேட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். பேனா திறந்தே கிடந்தது. கை தானாக எழுதியது. உறையில் போடும்போது பார்த்தேன். கிழிக்கவில்லை. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், வேண்டுமென்றேதான் கிழிக்கவில்லை. சொல்லத்தான் வாய் வரவில்லை, நீயாகப் பார்த்துக் கேட்பாய் என்று நினைத்தேன். லிஃப்டில் மாட்டியவன் எவனாவது "நல்ல பெயர்" என்பானா? தொண்ணூற்றாறு பேரைப் படித்தவனுக்கு என் கையெழுத்தில் இருப்பது என் குரல் என்று தெரியாமலா போகும் என்று நினைத்தேன்.

நீ அதை அச்சுக்குக் கொடுத்தாய். பிறகு போட்டோ கேட்டாய்.

வேறு கவிதை எதுவும் இல்லை. வாழ்க்கைக் குறிப்பு மேலே இருக்கிறது. எனக்கு ரொம்ப அசதியாக இருக்கிறது தம்பி.

அக்கா

மே 9

அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். நல்ல வாக்கியமாக வர ஆரம்பித்தாலே கிழிக்க வேண்டியிருந்தது. அதனால் விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

எனக்குப் படிக்கத் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் படித்துச் சொன்னேன், உன்னைப் படிக்கவில்லை. உன் வீட்டுக்கு நான் வந்தே நாலு வருடம் ஆகிறது. கவிதைக்கு நேரமில்லை, கவிஞர்களுக்கு நேரமில்லை, உனக்கும் நேரமில்லை என்றால் நான் இந்த நாலு வருடமாக என்னதான் செய்தேன் என்று யோசித்தேன்.

அச்சகத்தில் ஒரு மாதம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினாறாம் தேதி அங்கே வருகிறேன். இரண்டு நாள் கூட இருந்து எல்லாம் சொல்லிக் கொடு. எப்படிக் குளிப்பாட்டுவது, எப்படி விழுங்கச் சொல்வது, எல்லாம். பதினெட்டாம் தேதி நீ கிளம்பி என் வீட்டுக்குப் போ. ஜூன் பதினைந்து வரை திரும்பி வரக் கூடாது. அங்கே யாரும் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள், கட்டிலைத் தேடிக் கண்டுபிடித்துப் படுத்துக்கொள். "உனக்கு இதெல்லாம் வராதுடா" என்பாய். வராதுதான். கற்றுக்கொள்கிறேன்.

ஜூன் இதழில் நூறாவது கவிஞர் இல்லை. இது மட்டும் வருகிறது: "பிப்ரவரி இதழில் வெளியான கவிதையின் கடைசி நாலு வரிகள் அக்கவிஞருடையவை அல்ல. அவற்றை எழுதியவர் தம் பெயரை வெளியிட விரும்பவில்லை. புத்தகத்தைத் திறந்து பார்க்காமல் எழுதியது இப்பகுதியை எழுதுபவரின் தவறு. இப்பகுதி இத்துடன் நிறைவு பெறுகிறது." ஆசிரியர், திறந்து பார்க்காமல் என்பதை மட்டும் எடுத்துவிடலாமே என்றார். வேண்டாம் என்றேன்.

லிஃப்ட்காரருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "யாரா இருந்தாலும் அவங்களை நல்லாப் பாத்துக்குங்க சார்" என்றார். ஒரே தடவை படித்த அவருக்குப் புரிந்திருக்கிறது.

தம்பி

மே 28

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் இருவரும் சௌக்கியமா? இந்தத் தடவை இந்தக் கேள்வியை நிஜமாகவே கேட்கிறேன்.

வந்த அன்று மத்தியானம் படுத்தேன். எழுந்தபோது மணி நாலு. நல்லவேளை ஒரு மணி நேரத்தில் எழுந்துவிட்டோம் என்று நினைத்தால், அது மறுநாள் நாலு மணி. முதலில் பயந்துபோய் மாத்திரைக்கு ஓடினேன். சமையலறையில் உன்னுடைய ஒற்றை டம்ளரைப் பார்த்ததும்தான் எங்கே இருக்கிறேன் என்று ஞாபகம் வந்தது.

உன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இது வீடு இல்லை, கிடங்கு. கட்டிலுக்கடியில் பிரிக்காத பொட்டலம் நாற்பது இருக்கிறது. போன வாரம் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். எல்லாவற்றிலும் நீ சொன்ன மாதிரியே கடிதம் இருந்தது. ஒருவர் கடைசிப் பணிவு வணக்கம் வரை எழுதிவிட்டு அதற்குக் கீழே "பிடிக்கவில்லை என்றாலும் ஒரு வரி எழுதுங்கள்" என்று போட்டிருக்கிறார், இரண்டு வருடத்துக்கு முன்னால். பகுதியை நிறுத்திவிட்டாய், சரி. ஆனால் இவர்களுக்கு ஒரு வரி போட வேண்டும். தினம் மூன்று பேருக்கு நான் போஸ்ட் கார்டு எழுதுகிறேன். "தம்பி வெளியூர் போயிருக்கிறார். நான் படித்தேன். பன்னிரண்டாம் பக்கம் நன்றாக இருக்கிறது" என்று. சிலருக்குப் பன்னிரண்டாம் பக்கமும் நன்றாக இல்லை. அவர்களுக்கு அட்டை நன்றாக இருக்கிறது என்று எழுதினேன்.

அவர் முகச் சவரத்துக்கு முரண்டு பிடிப்பார். கண்ணாடியைத் திருப்பி வைத்துவிடு, அதில் இருப்பவரையும் யார் என்று கேட்பார். மாத்திரையைக் கொடுத்ததும் போய்விடாதே, கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். இதையெல்லாம் இரண்டு நாளில் நாலு தடவை சொன்னேன், தெரியும். எழுதியும் வைக்கிறேன்.

இங்கே யாரும் என்னை எதுவும் கேட்காதது முதல் நாலு நாள் சுகமாக இருந்தது. இப்போது கொஞ்சம் எப்படியோ இருக்கிறது. பரவாயில்லை.

அக்கா

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் சௌக்கியம். சாப்பிடுகிறார். நேற்றுத்தான் சவரம் ரத்தக்காயம் இல்லாமல் முடிந்தது. மாத்திரையைப் பற்றி நீ சொன்னது சரி, முதல் மூன்று நாள் என்னை ஏமாற்றிவிட்டார், தலையணைக்கடியில் கண்டுபிடித்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது. நீ என்னைவிட ஆறு வயது மூத்தவள். இதை ஒன்றரை வருடமாகச் செய்துகொண்டே நீ எனக்கு மாதாமாதம் நிலா எண்ணிச் சொன்னாய். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என்னையும் யார் என்று கேட்கிறார். "உங்க மச்சினன்" என்றால் "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்கிறார். என் பெயரைச் சொன்னாலும் நல்ல பெயர் என்பதில்லை. அந்த வார்த்தை உனக்கு மட்டும்தான் போல.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாளாக யோசித்தேன். சொல்லாமல் விடுவதில் நம் இருவருக்கும் நல்ல பழக்கம் இருக்கிறது, அதனாலேயே எழுதுகிறேன். ஆனால் நாலு நாள் தள்ளித்தான் எழுதுகிறேன், நீ இன்னும் நாலு நாள் தூங்க வேண்டும் என்று.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் மத்தியானம், சாப்பிட உட்கார வைத்தேன். வாயைத் திறக்கவில்லை. என் தோளுக்கு மேலே வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன அத்தான்?" என்றேன்.

"இங்க ஒரு அம்மா இருப்பாங்களே, அவங்க எங்க?"

"எந்த அம்மா?"

"பேரு தெரியலை. நல்ல பேரு. அவங்க வந்துடட்டும், சேர்ந்து சாப்பிடலாம்."

உன் பெயரைச் சொன்னேன். "ஆங், அதுதான்" என்றார். யார் என்று தெரிந்து சொல்லவில்லை அக்கா, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். மனைவி என்று தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து தினமும் கேட்கிறார். சமையலறைக்குப் போய்ப் பார்க்கிறார். நீ உட்கார்ந்து எழுதும் நாற்காலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறார். முந்தாநாள் நான் நிலாக்காரர் புத்தகத்தைப் படித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு, "அந்த அம்மா நல்லாப் படிப்பாங்க" என்றார்.

நீ உடனே கிளம்பிவிடுவாய் என்று தெரியும். வராதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. உன் இஷ்டம்.

தம்பி

ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் இன்று பதினோரு மணிக்கு வந்தது. படித்து முடித்த கையோடு பையில் புடவையைத் திணித்தேன். விளக்கை அணைத்தேன். செருப்பு மாட்டினேன். வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாள். "என் வீட்டுக்காரர் என்னைத் தேடறாராம்" என்றேன். இதில் என்ன இருக்கிறது என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

ஒன்றரை வருடமாக அந்த வீட்டில் அவர் கண்ணெதிரிலேயே இருந்தேன். கண்ணெதிரில் இருப்பவளை யார் தேடுவார்கள்? டீ எங்கே என்று கேட்டிருக்கிறார், மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்டிருக்கிறார். நான் எங்கே என்று கேட்கும்படி நான் எங்கேயும் போனதில்லை. கல்யாணமான புதிதில் அலுவலகத்திலிருந்து வந்ததும் வாசலிலேயே என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அதெல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

நான் பதினைந்தாம் தேதிதான் வருவேன். பையைப் பிரித்துப் புடவையை மறுபடி கொடியில் போட்டுவிட்டேன். இன்னும் ஆறு நாள் அவர் என்னைத் தேடட்டும் தம்பி. யாரைத் தேடுகிறோம் என்று அவருக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எனக்கு அது வேண்டியிருக்கிறது. வந்துவிட்டால் மறுபடி "யாருங்க நீங்க" ஆகிவிடுவேன்.

வெளிக்கதவை மட்டும் எப்போதும் பூட்டியே வை. என்னைத் தேடிக்கொண்டு தெருவில் இறங்கிவிடப் போகிறார்.

அக்கா